பில் பணமும் பிழைப்பும்: மந்த காலத்தில் சிறுதொழிலுக்கு எது உதவி?

பொருளாதார மந்தம் வரும்போதெல்லாம், சிறுதொழிலைக் கைதூக்கிவிட வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள். எப்படித் தூக்கிவிடுவது என்று கேட்டால் பிரிந்துவிடுகிறார்கள். கடன் கொடுங்கள் என்கிறது ஒரு தரப்பு. வரியைக் குறையுங்கள் என்கிறது இன்னொன்று. செலவைச் சுருக்கு, புதுச் சந்தை தேடு என்று முதலாளிக்கே அறிவுரை சொல்கிறது மூன்றாவது. கடந்த 20 ஆண்டுகளில் இந்த மூன்றும் இந்தியாவிலும் இலங்கையிலும் பிற நாடுகளிலும் வெவ்வேறு அளவில் செய்து பார்க்கப்பட்டுவிட்டன. எது பலித்தது, எது பாதியில் நின்றது என்று தொகுத்துப் பார்க்கப் போதிய அனுபவம் நம்மிடம் இருக்கிறது. அந்த முயற்சியே இக்கட்டுரை. கோவை, திருப்பூர் வட்டாரத்தின் பட்டறைகளையும் பனியன் யூனிட்டுகளையும் மையமாக வைத்து, தேவைப்படும் இடத்தில் வெளியே சென்று பார்க்கிறது.

2015-16இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சுமார் 6.33 கோடி. அவற்றில் வேலை செய்தவர்கள் ஏறத்தாழ 11.1 கோடிப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 49 லட்சத்துக்கும் மேற்பட்ட அலகுகள் இருந்தன, மாநிலங்களில் மூன்றாமிடம். மொத்தத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் குறுந்தொழில்கள். ஆகவே சிறுதொழில் என்று பேசும்போது, இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், நாலைந்து ஆட்கள் கொண்ட வாடகைக் கொட்டகையையே முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். அங்கே முதலாளியின் வீட்டுச் செலவும் பட்டறைச் செலவும் பெரும்பாலும் ஒரே வங்கிக் கணக்கில்தான் ஓடுகின்றன.

ஒரே மந்தம் அல்ல

மந்தம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சிறுதொழிலை அது வெவ்வேறு வாசல் வழியாகத் தாக்குகிறது. கொங்கு வட்டாரத்தின் அண்மை வரலாற்றைப் பார்த்தாலே இது தெரியும்.

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தபின் திருப்பூருக்கு வந்த அடி, தேவைச் சரிவு. அமெரிக்க, ஐரோப்பியக் கடைகள் ஆர்டரைக் குறைத்தன. அந்நியச் செலாவணி டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருந்த ஏற்றுமதியாளர்களுக்கு அதன் நஷ்டமும் சேர்ந்துகொண்டது. 2011 ஜனவரியில் வந்தது வேறு வகை. சாயக்கழிவு நீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வாங்க ஆள் இருந்தும் துணிக்குச் சாயம் போட இடமில்லாமல் போயிற்று. 2016 நவம்பர் 8இல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, வாரச் சம்பளம் கொடுக்கக் காசு இல்லாமல் பட்டறைகள் தவித்தன. அது பணப்புழக்க நெருக்கடி. 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கு எல்லாவற்றையும் ஒருசேர நிறுத்தியது. வடமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பியதால் தடை நீங்கிய பிறகும் மெஷின்கள் சும்மா நின்றன. 2021-22இல் இரும்பும் நூலும் விலை ஏறியபோது ஆர்டர் இருந்தது, லாபம் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை முதலில் 25 சதவீதம், பிறகு 50 சதவீதம் என்று ஏற்றியது. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூரில், அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ 30 சதவீதம். மறுபடியும் தேவைச் சரிவு.

இந்த வரிசை சொல்லும் பாடம் ஒன்று உண்டு. ஆர்டர் இல்லாதபோது கடன் கொடுத்தால் கடன்தான் மிஞ்சும். ஆர்டர் இருந்து காசு இல்லாதபோது அதே கடன் தொழிலைக் காப்பாற்றும். மூலப்பொருள் விலை ஏறும்போது கடனும் போதாது, விலை மாற்றி எழுத உரிமை வேண்டும். எந்த வாசல் வழியாக அடி வந்தது என்று பார்க்காமல் அறிவிக்கப்படும் நிவாரணத் தொகுப்பு பாதிப் பேருக்குப் பயன்படாமல் போவது இதனால்தான்.

இருந்தாலும் இத்தனை நெருக்கடிகளுக்கும் பொதுவான இழை ஒன்று இருக்கிறது. எந்த வழியாக அடி வந்தாலும், கடைசியில் சிறு அலகு மூடப்படுவது ஒரே காரணத்தால்: கையில் காசு தீர்ந்துபோகிறது.

நஷ்டம் கொல்வதற்கு முன் வறட்சி கொல்கிறது

இதைக் கணக்காகவே பார்க்கலாம். மாதம் 6 லட்சம் ரூபாய்க்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். பில் போட்ட 45ஆம் நாள் பணம் வந்தால், எந்த நேரத்திலும் 9 லட்சம் ரூபாய் வெளியே நிற்கும். மந்தம் வருகிறது. வேலை கால் பங்கு குறைந்து மாதம் 4.5 லட்சம் ஆகிறது. வாங்கும் நிறுவனமும் தன் பணத்தை இறுக்கிப் பிடிக்கிறது. 45 நாள் 120 நாளாக நீள்கிறது. இப்போது வெளியே நிற்கும் தொகை 18 லட்சம். வேலை குறைந்திருக்கிறது, முடங்கிய பணம் இரட்டிப்பாகியிருக்கிறது.

கூடுதலாக முடங்கிய அந்த 9 லட்சம் எங்கிருந்து வரும்? முதலில் வங்கியின் ஓடி (ஓவர்டிராஃப்ட்) கணக்கின் வரம்பு முழுதும் தீரும். பிறகு வீட்டு நகை அடகுக்குப் போகும். அதற்கும் பிறகு நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வெளியே வாங்கினால், மாதம் 27,000 ரூபாய் வட்டி. மாத விற்பனையில் அது 6 சதவீதம். பல ஜாப் வொர்க் யூனிட்டுகளின் மொத்த லாபமே அந்த அளவுக்குள்தான் அடங்கும். கணக்குப் புத்தகத்தில் லாபம் காட்டியபடியே ஒரு பட்டறை மூழ்குவது இப்படித்தான்.

இதோடு சரக்கு சேவை வரியும் சேர்ந்துகொள்கிறது. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதமே வரியைக் கட்டியாக வேண்டும். வாங்கியவர் பணம் கொடுத்தாரா என்று சட்டம் பார்ப்பதில்லை. வராத பணத்துக்கு வரியை முன்கூட்டிக் கட்டும் சிறு முதலாளி, பெரிய நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பவராகிறார்.

சிறுதொழிலின் கையிருப்பு மெலிந்தது என்பது வளர்ந்த நாடுகளுக்கும் பொருந்தும். ஜேபி மார்கன் சேஸ் ஆய்வு நிறுவனம் 2016இல் அமெரிக்கச் சிறுதொழில்களின் வங்கிக் கணக்குகளை ஆராய்ந்தது. வரவு முற்றிலும் நின்றால், வரிசைப்படுத்தியதில் நடுவில் நிற்கும் நிறுவனம் தாக்குப்பிடிக்கக்கூடியது 27 நாட்கள் மட்டுமே; உணவகங்களுக்கு 16 நாட்கள். 2020 கொரோனா காலத்தில் 5,800க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிறு நிறுவனங்களிடம் நடந்த இன்னோர் ஆய்வில், மாதம் 10,000 டாலருக்கு மேல் செலவுள்ளவற்றில் நடுவில் நிற்கும் நிறுவனத்திடம் இரண்டு வாரச் செலவுக்குத்தான் காசு இருந்தது. உதவியின் தொகையைப் போலவே, அது வந்து சேரும் வேகமும் உயிர்ப் பிரச்சினை என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

முதலாளியின் கையில் உள்ளவை

மந்தத்தில் சிறு முதலாளிக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை, செலவைக் குறை என்பது. இது எவ்வளவு தூரம் சரி? மேலாண்மை ஆய்வாளர் ரஞ்சய் குலாட்டியும் அவருடைய சகாக்களும் மூன்று மந்தங்களில் 4,700 நிறுவனங்களின் நிலையை ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 17 சதவீதம் தாக்குப்பிடிக்கவில்லை. பிழைத்தவற்றில் பெரும்பாலானவை மூன்று ஆண்டுகள் கழிந்தும் பழைய வளர்ச்சியை எட்டவில்லை. 9 சதவீதமே முன்பைவிடச் செழித்தன. எல்லோரையும் விட வேகமாகவும் ஆழமாகவும் செலவை வெட்டிய நிறுவனங்கள் மந்தத்துக்குப் பிறகு முன்னிலை பெறும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தது. வேலை செய்யும் முறையைச் சீராக்கி வீணடிப்பைக் குறைத்தபடியே, சந்தையிலும் கருவிகளிலும் அளவாக முதலிட்டவையே மேலே வந்தன. இவை பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள். நம் பட்டறைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் எந்தச் செலவை வெட்டுகிறோம் என்பதே விதியைத் தீர்மானிக்கிறது என்ற கருத்து இங்கும் பொருந்தும்.

பட்டறையில் வெட்டக் கூடாத செலவு, கைத்தேர்ச்சி உள்ள ஆளின் கூலி. நல்ல டர்னரையோ, ஓவர்லாக் டெய்லரையோ வெளியே அனுப்பிவிட்டால், ஆர்டர் திரும்பும் நாளில் அவர் வேறு ஊரில் இருப்பார். 2020 ஊரடங்குக்குப் பின் திருப்பூர் பட்ட பாடு இதுதான். ஷிப்டைக் குறைத்து, வேலையைப் பகிர்ந்து, ஆளைத் தக்கவைப்பது அனுப்பிவிட்டுத் தேடுவதைவிட மலிவு. வெட்ட வேண்டியவை வேறு: தேங்கிய ஸ்டாக், தரம் தவறித் திரும்பி வரும் பீஸ், ஓடாத மெஷினுக்கும் கட்டும் மின் நிலைக்கட்டணம். வேலை நீண்ட நாள் குறையும் என்று தெரிந்தால், அனுமதிக்கப்பட்ட மின்சுமையைக் குறைக்க விண்ணப்பிக்கலாம்.

வீண்செலவு எவ்வளவு பெரியது என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. நிகோலஸ் புளூமும் சக ஆய்வாளர்களும் மும்பைக்கு அருகே 17 ஜவுளி நிறுவனங்களில் நடத்திய சோதனை 2013இல் வெளியாயிற்று. நூல் இருப்பைப் பதிவு செய்வது, மெஷின் நின்ற காரணத்தை அன்றன்றே எழுதி வைப்பது, தரக் குறைகளை வகைப்படுத்துவது போன்ற எளிய நடைமுறைகளை ஆலோசகர்கள் கற்றுக்கொடுத்தார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. அவை நம் பட்டறைகளைவிடப் பெரியவை என்றாலும், ஒரு நோட்டுப் புத்தகமும் ஒழுங்கும் போதும் அந்தப் பாதையில் முதல் அடி வைக்க.

விலையைக் குறைத்து ஆர்டர் பிடிக்கலாம் என்ற ஆசை மிகவும் ஆபத்தானது. 100 ரூபாய் வேலையில் பொருளும் கூலியும் 80 போக, வாடகைக்கும் வட்டிக்கும் லாபத்துக்கும் மிஞ்சுவது 20. விலையை 10 சதவீதம் குறைத்தால் மிச்சம் 10 ஆகிவிடும். பழைய நிலைக்கு வரவே இரண்டு மடங்கு வேலை வேண்டும். மந்தத்தில் இரண்டு மடங்கு வேலை யாரிடம் இருக்கிறது? விலையில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டுமானால், பதிலுக்கு நாளைக் கேட்பதே புத்திசாலித்தனம். 2 சதவீதம் குறைத்து 15 நாளில் பணம் வாங்குவது, முழு விலைக்கு 120 நாள் காத்திருப்பதைவிட மேல். கச்சாப் பொருளை வாங்குபவரே கொடுக்க, கூலிக்கு மட்டும் வேலை செய்வதும் முடங்கும் பணத்தைப் பெருமளவு குறைக்கும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, அடுத்த 13 வாரங்களுக்கான வரவு செலவுக் கணக்கு. எந்த வாரம் யாரிடமிருந்து எவ்வளவு வரும், சம்பளம், வாடகை, வரி, வங்கித் தவணை எந்த வாரம் போகும் என்று எழுதினால், எந்த வாரத்தில் பள்ளம் விழும் என்பது இரண்டு மாதம் முன்பே தெரியும். தவணை தவறுவதற்கு முன் வங்கியிடம் பேசும் முதலாளிக்கும், தவறிய பின் பேசும் முதலாளிக்கும் கிடைக்கும் மரியாதையே வேறு.

கடன்: எப்போது தாங்கும், எப்போது அமுக்கும்

இந்தியச் சிறு நிறுவனங்கள் உண்மையிலேயே கடன் பற்றாக்குறையில் இருக்கின்றன என்பதை அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் காட்டியிருக்கிறார்கள். 1998இல் முன்னுரிமைக் கடன் வரம்பு மாறியபோது புதிதாகத் தகுதி பெற்ற நிறுவனங்கள், கிடைத்த கடனைத் தொழிலை விரிவாக்கவே பயன்படுத்தின. அவற்றின் விற்பனையும் லாபமும் உயர்ந்தன.

மந்தகாலக் கடனுக்கு நம் நாட்டின் மிகப் பெரிய சோதனை, 2020 மே மாதம் அறிவிக்கப்பட்ட அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம். 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை கூடுதல் கடன், சொத்துப் பிணை இல்லாமல், முழு அரசு உத்தரவாதத்துடன் தரப்பட்டது. வங்கி வட்டிக்கு 9.25 சதவீதம் உச்சவரம்பு. முதல் ஓராண்டு அசல் கட்ட வேண்டாம். 3 லட்சம் கோடியில் தொடங்கிப் பிறகு 5 லட்சம் கோடி வரை வரம்பு உயர்ந்தது. 13.5 லட்சம் சிறுதொழில் கணக்குகள் இதனால் வாராக்கடன் ஆகாமல் தப்பின என்று பாரத ஸ்டேட் வங்கியின் ஆய்வுப் பிரிவு 2022இல் மதிப்பிட்டது.

திட்டத்தின் பலம் அதன் எளிமை. பலவீனமும் அங்கேதான். ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தவருக்கே இது கிடைத்தது. நகைக்கடனிலும் சீட்டுப் பணத்திலும் வெளிவட்டியிலும் தொழில் நடத்தும் பெருங்கூட்டம் வெளியே நின்றது. தமிழ்நாட்டில் 2003இலேயே அதீத வட்டி வசூலைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. ஆனால் வங்கி கதவைத் திறக்காத இடத்தில் சட்டம் மட்டும் கந்துவட்டியை ஒழித்துவிடாது. பிணையில்லாக் கடனுக்காக 2000இல் தொடங்கப்பட்ட கடன் உத்தரவாத அறக்கட்டளையின் வரம்பு இப்போது 10 கோடி ரூபாய். மந்தம் வராத நாளிலேயே இதன் கீழ் கணக்குத் தொடங்கி வைப்பது, மந்தம் வரும் நாளில் கைகொடுக்கும்.

கடன் ஏற்கெனவே சிக்கலாகிவிட்டவருக்கும் வழி இருக்கிறது. தவணை தவறி 90 நாள் கடந்தால்தான் கணக்கு வாராக்கடன். அதற்கு முன் 30 நாள், 60 நாள் என்று எச்சரிக்கைக் கட்டங்கள் உள்ளன. நலிவடையும் சிறுதொழில் கணக்குகளை இந்தக் கட்டத்திலேயே அடையாளம் கண்டு, குழு அமைத்துச் சீரமைப்புத் திட்டம் போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2016 மார்ச் நெறிமுறை சொல்கிறது. முதலாளியே விண்ணப்பிக்கவும் அதில் இடமுண்டு. இந்த நெறிமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024இல் உறுதி செய்தது. இப்படி ஒரு வழி இருப்பதே பல முதலாளிகளுக்குத் தெரியாமல் போவது பெரிய இழப்பு.

கடன் எப்படி அமுக்கும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அந்நாடு அறிவித்தது; செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது; மத்திய வங்கியின் கடன் வட்டி 2023 மார்ச்சில் 16.5 சதவீதம் வரை போயிற்று. குறைந்த வட்டியில் கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர்கள் தங்கள் தவறே இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை ஏலம் விட வங்கிகளுக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் அளித்திருந்த அதிகாரத்தை, சிறு முயற்சியாளர்களுக்காக அரசு தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. தவணையைத் தள்ளிப்போடுவது மூச்சுவிட இடம் தரும். அந்த இடைவெளியில் வரவு திரும்பவில்லை என்றால், தள்ளிவைத்த தவணை வட்டியோடு திரும்பி வரும்.

மலிவான உதவி: பில்லுக்குப் பணம்

சிறுதொழிலுக்கு வர வேண்டிய பாக்கி மட்டும் 10.7 லட்சம் கோடி ரூபாய் என்று 2022இல் வெளியான ஓர் அறிக்கை மதிப்பிட்டது. அவசரக் கடன் திட்டத்தின் முழு வரம்பைப் போல் இரண்டு மடங்கு. அரசு உத்தரவாதம் கொடுத்துக் கடனாகப் பாய்ச்சும் பணத்தைவிட அதிகமான பணம், சிறுதொழிலுக்கே சொந்தமான பணம், வாங்கியவர் கையில் நிற்கிறது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கேட்க முடியாது. ஒப்பந்தம் இல்லையேல் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக. புகார் சொல்ல வசதியாக்க மன்றங்கள் உள்ளன. 90 நாளில் தீர்ப்பு வழங்க வேண்டும். தீர்ப்பை எதிர்க்க விரும்பும் வாங்குநர் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். 2017 முதல் இணையவழியாகவும் புகார் செய்யலாம். எல்லாவற்றுக்கும் சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு அவசியம். சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிவு செய்திருப்பது நல்லது.

இத்தனை பல் இருந்தும் சட்டம் ஏன் கடிப்பதில்லை? புகார் கொடுத்தவருக்கு அடுத்த ஆர்டர் வராது. நான்கே வாடிக்கையாளர்களை நம்பி இருப்பவர் ஒருவர் மீது வழக்குப் போட்டால், மற்ற மூவர் காதுக்கும் அது போய்விடும். பாதிக்கப்பட்டவரே முன்வந்து எதிர்க்க வேண்டும் என்று அமைந்த சட்டம், பலமில்லாதவரின் தோளில் சுமையை வைக்கிறது.

இந்தக் குறையைப் புரிந்துகொண்டு வந்த மாற்றங்கள் இரண்டு. ஒன்று, 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவு. குறு, சிறு அலகுகளுக்கு உரிய நாளில் பணம் கொடுக்காத நிறுவனம், அந்தத் தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். இங்கே யாரும் யார் மீதும் புகார் கொடுக்க வேண்டியதில்லை. வாங்குநரின் தணிக்கையாளரே நினைவூட்டுவார். பதிவு பெற்ற அலகுகளை விட்டுவிட்டுப் பதிவில்லாதவரிடம் வாங்குநர்கள் போய்விடுவார்கள் என்ற அச்சமும் எழுந்தது. வணிகர்களுக்கு இப்பாதுகாப்பு பொருந்தாது என்பதும் குறையே. இரண்டாவது, டிரெட்ஸ் தளங்கள். சிறு அலகு தன் பில்லை ஏற்றுகிறது, வாங்குநர் ஒப்புக்கொள்கிறார், வங்கிகள் போட்டி போட்டு வட்டி சொல்கின்றன, ஓரிரு நாளில் பணம் வருகிறது. வட்டி, பெரிய நிறுவனத்தின் நம்பகத்தன்மையை வைத்து முடிவாவதால் குறைவு. வாங்குநர் பணம் கட்டாவிட்டாலும் வங்கி சிறு அலகைத் திரும்பப் பிடிக்காது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் இதில் பதிவு செய்தாக வேண்டும் என்பது இப்போதைய விதி. ஆனால் பதிவு செய்வதுதான் கட்டாயம். பில்லை ஒப்புக்கொள்வது கட்டாயமில்லை. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

வேகமாகப் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நேரடிச் சான்று கிடைத்தது. 2011இல் அந்நாட்டு மத்திய அரசு தன் சிறு ஒப்பந்ததாரர்களுக்குப் பணம் தரும் நாளை 30இலிருந்து 15 ஆகக் குறைத்தது. புது மானியம் எதுவும் தரவில்லை. பொருளாதார ஆய்வாளர்கள் பாரோவும் நந்தாவும் பின்னர் ஆராய்ந்தபோது, அந்தச் சிறு நிறுவனங்கள் ஆட்களைக் கூடுதலாகச் சேர்த்திருந்தது தெரிந்தது. பதினைந்து நாள் முன்னதாக வந்த பணம் வேலைவாய்ப்பாக மாறியது.

நேரடி நிவாரணம்

ஆர்டரே நின்றுபோன காலத்தில் பில் பணம் மட்டும் போதாது. அப்போது அரசு நேரடியாகக் கூலியைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் குறுகிய வேலைநேரத் திட்டத்தில், ஆட்களை அனுப்பாமல் வேலைநேரத்தைக் குறைக்கும் நிறுவனங்களின் தொழிலாளர்களுக்கு, இழந்த நிகரக் கூலியில் 60 சதவீதத்தை, குழந்தை உள்ளவர்களுக்கு 67 சதவீதத்தை, அரசு தருகிறது. 2009இல் அதன் உச்சத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் இருந்தார்கள். மந்தம் தெளிந்ததும் ஜெர்மன் பட்டறைகள் அதே ஆட்களுடன் ஓடின. அமெரிக்கா 2020-21இல் கூலிப் பாதுகாப்புக் கடனாகச் சுமார் 80,000 கோடி டாலரை இறைத்தது. பொருளாதார ஆய்வாளர் டேவிட் ஆட்டரும் சகாக்களும் கணக்கிட்டபோது, இல்லையேல் வேலையிழந்திருக்கக்கூடிய தொழிலாளர்களுக்குப் போய்ச்சேர்ந்தது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான். ஜெர்மனியிடம் ஆள்வாரியான பதிவு முன்பே இருந்தது. அமெரிக்கா அவசரத்தில் எல்லோருக்கும் கொடுத்தது.

மிகச் சிறிய அலகுகளைப் பற்றி இலங்கையின் அனுபவம் இன்னும் நுட்பமானது. 2004 சுனாமிக்குப் பின் காலி, களுத்துறை, மாத்தறை மாவட்டங்களில் சுரேஷ் டி மெல், மெக்கென்சி, வுட்ரஃப் ஆகிய ஆய்வாளர்கள் குறுந்தொழில்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் மதிப்புள்ள மானியம் கொடுத்து விளைவைப் பின்தொடர்ந்தார்கள். மானியம் பெற்ற சில்லறைக் கடைகள் வேகமாக மீண்டன. உற்பத்தித் தொழில்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. கச்சாப் பொருள் வரும் வழியும் சரக்கு போகும் வழியும் அறுந்திருந்தபோது காசு மட்டும் போதவில்லை. கடைக்காரருக்குப் பணமும் பட்டறைக்காரருக்குச் சங்கிலியும் முதலில் தேவை என்பது இதன் சாரம்.

தனியாக முடியாதவை

சங்கிலியைத் தனியொருவர் சரிசெய்ய முடியாது. திருப்பூர் சாய ஆலைகள் 2011இல் மூடப்பட்டபின் மீண்டது தனித்தனி முயற்சியால் அல்ல. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களாகச் சேர்ந்து நின்றதாலும், மாநில அரசின் வட்டியில்லாக் கடனாலும்தான். நொய்யல் ஆற்றுக்கு இழைத்த கேட்டைத் திருத்த வந்த அந்தச் சுத்திகரிப்புக் கட்டாயம், இன்று வெளிநாட்டு வாங்குநரிடம் எடுத்துச் சொல்லும் தகுதியாகியிருக்கிறது. கோவையில் 1969இல் தோன்றிய கொடிசியா என்ற சிறுதொழில் சங்கமும், திருப்பூரில் 1990இல் தோன்றிய ஏற்றுமதியாளர் சங்கமும், கண்காட்சி, வளாகம், பேச்சுவார்த்தை எனத் தனி முதலாளிக்கு எட்டாததைச் செய்திருக்கின்றன. 2025இல் அமெரிக்க வரி வந்தபோது, பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை மத்திய அரசு ஆண்டு இறுதி வரை நீக்கியதும் தொழில் அமைப்புகள் சேர்ந்து குரல் கொடுத்ததன் பின்னணியில்தான்.

அரசு ஒரு பெரிய வாடிக்கையாளர் என்பதும் மறக்கப்படுகிறது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு அலகுகளிடம் வாங்க வேண்டும். தனியார் ஆர்டர் சுருங்கும் காலத்தில் இந்தக் கொள்முதலை முன்கூட்டிச் செய்தால், அதுவே மந்தத்துக்கு எதிரான செயல். ஆனால் வாங்கிய அரசும் பில்லைத் தாமதித்தால் பயனில்லை.

வரிசை முக்கியம்

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது உதவிக்கு ஒரு வரிசை தெளிவாகிறது. முதலில், உழைத்துச் சம்பாதித்த பணம் கைக்கு வர வேண்டும். அடுத்து, கைத்தேர்ச்சி உள்ள ஆட்களைத் தக்கவைக்கத் துணை வேண்டும். அதற்குப் பிறகே கடன். அதுவும் ஆர்டர் திரும்பும் என்ற நம்பிக்கை உள்ள இடத்தில். நம் நாட்டில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. நெருக்கடி வந்ததும் கடன் முதலில் அறிவிக்கப்படுகிறது. பாக்கி வசூல் சிறு முதலாளியின் சொந்தப் பிரச்சினையாக விடப்படுகிறது.

மாற்றுவதற்குப் புதிய கஜானா தேவையில்லை. வாங்கியவர் 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அவர் எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சரக்கு சேவை வரிச் சட்டம் இப்போதே சொல்கிறது. சிறு அலகுகளிடம் வாங்கியவற்றுக்கு அந்த 180ஐ 45 ஆக்கினால், இரண்டு சட்டங்களும் ஒரே திசையில் இழுக்கும். டிரெட்ஸ் தளத்தில் ஏற்றிய பில்லைக் குறிப்பிட்ட நாளுக்குள் மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே கருதலாம். வசதியாக்க மன்றத்தில் தனி முதலாளிக்குப் பதிலாக அவருடைய சங்கமே வழக்கு நடத்த வழி செய்யலாம். புகார் கொடுத்தவரின் பெயர் முன்னால் நிற்காது. அரசுத் துறைகள் தங்கள் சொந்தப் பாக்கியை 45 நாளில் தீர்த்து, அந்தக் கணக்கைக் காலாண்டுதோறும் வெளியிடலாம்.

முதலாளியும் தன் பங்கைச் செய்ய வேண்டும்: பதிவு, எழுத்தில் ஆர்டர், நாள் குறித்த பில், 13 வாரக் கணக்கு, ஒரே வாடிக்கையாளரை நம்பாத ஏற்பாடு. மந்தத்தை அவர் உருவாக்கவில்லை. அதைத் தடுக்கவும் அவரால் முடியாது. ஆனால் செய்த வேலைக்கு உரிய நாளில் கூலி கேட்பது அவருடைய உரிமை, கொடுப்பது வாங்கியவரின் கடமை, கொடுக்க வைப்பது அரசின் பொறுப்பு. இந்த மூன்றும் நடக்கும் ஊரில் மந்தம் சிறுதொழிலை வருத்தும், ஆனால் எளிதில் மூடிவிடாது.